வளைவில் உங்களை வெளியே தள்ளுவது யார்? விசையும் இயக்கமும் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி: "நாங்கள் குன்னூரில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு. நியூட்டனின் மூன்று விதிகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள், ஆனால் ஒன்றையும் நம்ப மாட்டேன் என்கிறாள். தள்ளுவதை நிறுத்தினால் எல்லாப் பொருளும் நின்றுதானே போகிறது, அப்புறம் எப்படித் 'தொடர்ந்து இயங்கும்' என்று கேட்கிறாள். பஸ் வளைவில் திரும்பும்போது என்னை வெளிப்பக்கம் தள்ளுவது யார் என்கிறாள். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை இருந்தால் மலை ரயில் ஏறவே முடியாதே என்கிறாள். என்ன சொல்லிப் புரியவைப்பது?"

முதலில் உங்கள் மகளுக்கு ஒரு சபாஷ் சொல்லுங்கள். மூன்றுமே நல்ல கேள்விகள், மூன்றுமே மனிதர்கள் நெடுங்காலம் தடுமாறிய இடங்கள். பொருள் நகர வேண்டுமானால் யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொன்னார், ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷம் உலகத்தில் பெரும்பாலோர் அதைத்தான் நம்பினார்கள், ஏனென்றால் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. கலிலியோ வந்து அதை அசைத்தார், நியூட்டன் 1687-இல் மூன்று விதிகளாக எழுதி முடித்தார். இரண்டாயிரம் வருஷக் குழப்பத்தை ஒரு பிள்ளை ஒரு வாரத்தில் தாண்ட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம், விதியை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு.

என் அனுபவத்தில், விதிகளை 1, 2, 3 என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் பிள்ளைகளுக்கு ஏறுவதில்லை. அதற்குப் பதில் ஒரே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள். எந்தக் கணக்கானாலும், எந்தச் சம்பவமானாலும், முதலில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பஸ்ஸா, பஸ்ஸுக்குள் இருக்கும் நானா, ரயிலா, தண்டவாளமா, ஏதாவது ஒன்று. பிறகு அந்தப் பொருளை யாரெல்லாம், எதுவெல்லாம் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது என்று பட்டியல் போட வேண்டும். பூமி எப்போதும் கீழே இழுக்கும், அது நிரந்தர உறுப்பினர். அது போக, பொருளை எது தொட்டுக்கொண்டிருக்கிறதோ அது மட்டும்தான் தள்ளவோ இழுக்கவோ முடியும் (காந்தம், மின்சாரம் இப்போதைக்கு வேண்டாம்). எல்லாவற்றையும் திசையோடு கூட்டிப் பார்த்து மிச்சம் இருந்தால் வேகமோ திசையோ மாறும். மிச்சம் இல்லை என்றால் மாறாது. அவ்வளவுதான், மூன்று கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

சரி, முதல் கேள்வி. ஊட்டி மார்க்கெட்டில் கேரட் மூட்டை ஏற்றின ஒரு தள்ளுவண்டி, மூட்டையோடு சேர்த்து 100 கிலோ, தரை சமமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 150 நியூட்டன் விசையில் தள்ளுகிறார். (நியூட்டன் என்பது விசையின் அலகு. ஒரு கிலோ பொருளைக் கையில் பிடித்திருக்கும்போது அது கையைக் கீழே அழுத்துவது சுமார் 9.8 நியூட்டன். அந்த அளவை உணர்வதற்காகவாவது உங்கள் மகள் ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை ஒருமுறை கையில் தூக்கிப் பார்க்கட்டும்.) சக்கரமும் அச்சும் தரையும் சேர்ந்து 100 நியூட்டன் உராய்வாகப் பின்னால் இழுக்கின்றன. மிச்சம் 50 நியூட்டன் முன்னால். அதனால் வண்டியின் வேகம் ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் தேவையான வேகம் வந்ததும் அவர் தள்ளும் விசையை 100 நியூட்டனாகக் குறைத்துக்கொள்கிறார். இப்போது மிச்சம் பூஜ்யம். வண்டி நின்றுவிடுமா? நிற்காது, அதே வேகத்தில் போகும். இந்த இடத்தில் பிள்ளை ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள். அவர் தள்ளிக்கொண்டே போவது வண்டியை ஓட வைப்பதற்காக அல்ல, உராய்வைச் சரிக்கட்டுவதற்காக. கையை எடுத்துவிட்டால் வண்டியின் மேல் மிச்சம் பூஜ்யமாக இருக்காது, 100 நியூட்டன் பின்னோக்கி இருக்கும், அதனால் வேகம் குறைந்து நிற்கும். ஆக, "விசை இல்லாததால் நின்றது" என்று நாம் சொல்லிப் பழகியது தலைகீழ். விசை இருந்ததால்தான் நின்றது. அந்த விசையைக் கொடுத்தது உராய்வு, அது கண்ணில் படுவதில்லை, அதனால்தான் கணக்கில் விட்டுவிடுகிறோம்.

இதை வாயால் சொன்னால் நம்ப மாட்டாள், செய்து பார்க்கட்டும். எலக்ட்ரிக்கல் கடையில் வயரிங் கேசிங் பட்டை கிடைக்கும், நீளமாக ஒன்று வாங்கி, மூடியைக் கழற்றிவிட்டு, இரண்டு முனையும் மேலே இருக்கும்படி புத்தகங்களை அடுக்கி வளைத்து வையுங்கள். ஒரு முனையில் கோலிக்குண்டை விட்டால் கீழே இறங்கி, மறுபக்கம் ஏறக்குறைய அதே உயரம் வரை ஏறும், கொஞ்சம் குறையும். மறுபக்கத்தின் சாய்வைக் குறைத்துப் பாருங்கள், அந்த உயரத்தைத் தொடுவதற்காக இன்னும் தூரம் ஓடும். இன்னும் குறைத்தால் இன்னும் தூரம். மறுபக்கத்தை முழுக்கச் சமதளமாக்கிவிட்டால், உராய்வே இல்லாவிட்டால், அந்த உயரத்தை எட்டவே முடியாத குண்டு எங்கே போய் நிற்கும்? கலிலியோவின் வாதம் இதுதான். அதோடு விடாதீர்கள், பட்டையின் முடிவில் முதலில் கம்பளியை விரியுங்கள், பிறகு சிமெண்ட் தரை, பிறகு டைல்ஸ். குண்டு போகும் தூரம் கூடிக்கொண்டே வருவதை அவளே அளந்து எழுதட்டும். 'தொடர்ந்து இயங்கும்' என்ற வார்த்தைக்கு அப்போதுதான் அர்த்தம் பிடிபடும்.

மலையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பரிசோதனைக்கூடம் வாசலிலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் இரண்டாவது கியரில் செல்லவும் என்று பலகை வைத்திருப்பதை அவள் பார்த்திருப்பாள். ஆட்களோடு சேர்த்து 10 டன் எடையுள்ள பஸ், 12 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்கும் சரிவில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை 98,000 நியூட்டன், அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8,000 நியூட்டன், சரிவு வழியே கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். பஸ் ஒரே வேகத்தில் இறங்க வேண்டுமானால் யாரோ 8,000 நியூட்டன் மேல்நோக்கிக் கொடுக்க வேண்டும், வழி நெடுக, ஒரு நொடி விடாமல். முழுவதையும் பிரேக்கே கொடுத்தால் அது சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். குறைந்த கியரில் இருந்தால் சக்கரம் இன்ஜினைச் சுற்ற வேண்டியிருக்கும், அந்த எதிர்ப்பு பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும், பிரேக்குக்கு மிச்சம்தான். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது முழுக்க முழுக்க முதல் விதி: வேகம் மாறக் கூடாதென்றால் மொத்த விசை பூஜ்யமாக இருக்க வேண்டும். இறங்குகிற பஸ்ஸின் மேல் விசையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை, ஏகப்பட்ட விசை இருக்கிறது, கூட்டினால் பூஜ்யம். 'விசை இல்லை' என்பதும் 'மொத்த விசை பூஜ்யம்' என்பதும் வேறு வேறு என்று அவள் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி பாடம் முடிந்தது. ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற மலைச்சாலை மரியாதையும் இங்கேயிருந்துதான். ஏற்றத்தில் நின்றுவிட்ட பஸ் மறுபடி கிளம்ப அந்த 8,000-ஐயும் தாங்கி, அதற்கு மேலும் கொடுத்தால்தான் வேகம் எடுக்கும்.

இரண்டாவது கேள்வி, வளைவு. இதில்தான் பெரியவர்களும் அதிகம் தவறுகிறார்கள், அதனால் நிதானமாகப் பார்ப்போம். பஸ் இடப்பக்கம் திரும்புகிறது, நம் உடம்பு வலப்பக்கம் சாய்கிறது. யார் தள்ளியது? பழக்கத்தைப் பயன்படுத்துங்கள். பொருள்: நான். என்னைத் தொடுவது எது? சீட், முன்கம்பி, பக்கத்தில் இருப்பவர். பூமி கீழே இழுக்கிறது. வலப்பக்கம் தள்ளும் ஆள் இந்தப் பட்டியலில் எங்கேயாவது இருக்கிறாரா? இல்லை. அப்படியென்றால் வலப்பக்கம் விசையே இல்லை. நடந்தது வேறு. நான் நேராகப் போய்க்கொண்டிருந்தேன், தொடர்ந்து நேராகவே போகப் பார்க்கிறேன், இதைத்தான் நிலைமம் என்கிறோம். எனக்குக் கீழே பஸ் இடப்பக்கம் விலகிக்கொண்டது. பஸ்ஸுக்குள் இருந்து பார்க்கிறவருக்கு நான் வலப்பக்கம் போன மாதிரி தெரியும், மேலே தேயிலைத் தோட்டத்தில் நின்று பார்க்கிறவருக்கு நான் நேராகப் போக பஸ்தான் திரும்பியதாகத் தெரியும். இரண்டாவது ஆள் சொல்வதை வைத்துத்தான் நியூட்டனின் விதியைப் பொருத்த வேண்டும், ஏனென்றால் திரும்புகிற பஸ்ஸை நிலையான தரையாக வைத்துக்கொண்டு அந்த விதியை அப்படியே எழுத முடியாது. கடைசியில் ஜன்னலோரத் தகடு என் தோளில் வந்து முட்டுகிறதே, அது என்னை இடப்பக்கம், வளைவின் உள்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் கிடைத்த பிறகுதான் நானும் பஸ்ஸோடு திரும்புகிறேன். ஆக என் மேல் பட்ட பக்கவாட்டு விசை உள்நோக்கித்தான், வெளிநோக்கி அல்ல.

இங்கே ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஒரே வேகத்தில் போனாலும் திசை மாறினால் அதுவும் முடுக்கம்தான் (வேகமோ திசையோ எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதுதான் முடுக்கம்), வட்டமாகத் திரும்பும்போது அதன் அளவு வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். இந்தச் சூத்திரம் எட்டாம் வகுப்புக்கு மேல், பரவாயில்லை, கணக்கு சுலபம். கொண்டை ஊசி வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று வைப்போம். பஸ் மணிக்கு 18 கி.மீ., அதாவது வினாடிக்கு 5 மீட்டர். ஐந்தைந்து இருபத்தைந்து, பத்தால் வகுத்தால் 2.5. அதாவது ஒவ்வொரு கிலோவுக்கும் 2.5 நியூட்டன் பக்கவாட்டு விசை தேவை, பஸ்ஸுக்கு அதைக் கொடுப்பது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் உராய்வு. வழுவழுப்பான ரெக்சின் சீட் நமக்கு அவ்வளவு கொடுக்காது, அதனால்தான் வழுக்குகிறோம். இப்போது வேகத்தை இரட்டிப்பாக்குங்கள், மணிக்கு 36. தேவையான விசை இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும்: கிலோவுக்கு 10 நியூட்டன். காய்ந்த நல்ல ரோட்டில்கூட டயரின் பிடிப்பு கிலோவுக்கு 7 அல்லது 8 நியூட்டன் அளவில்தான் இருக்கும், மழையில் நனைந்துவிட்டால் அதிலும் வெகுவாகக் குறையும். தேவையான விசை கிடைக்காவிட்டால் வண்டி திரும்பாது, அது பாட்டுக்கு நேராகப் போகும், வளைவில் நேராகப் போவது என்றால் எங்கே போய் முடியும் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அங்கே வெளியூர் வண்டிகளுக்கு ஏன் அத்தனை கெடுபிடி என்பதை இந்த ஒரு வகுத்தல் கணக்கே சொல்லிவிடும்.

நடுவில் இரண்டாம் விதியை நான் தனியாகச் சொல்லாமலே பயன்படுத்திவிட்டேன். விசை = நிறை × முடுக்கம். விசை என்று இங்கே சொல்வது மிச்சமுள்ள மொத்த விசை, தனி ஒருவர் தள்ளுவது அல்ல. அந்தக் கேரட் வண்டியில் மிச்சம் 50 நியூட்டன், நிறை 100 கிலோ, முடுக்கம் 0.5, அதாவது ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு அரை மீட்டர் என்ற கணக்கில் வேகம் ஏறும். இரண்டு வினாடியில் வினாடிக்கு 1 மீட்டர், நாம் மெதுவாக நடக்கிற வேகம். மூட்டைகளை இறக்கிவிட்டு வண்டியை 50 கிலோவாக்கி, அதே 50 நியூட்டன் மிச்சம் இருக்கும்படி தள்ளினால் முடுக்கம் இரட்டிப்பு. இதற்கு மேல் இந்த விதியில் புரிந்துகொள்ளச் சிரமமான விஷயம் ஒன்றும் இல்லை, பயிற்சிதான் வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: நிறையும் எடையும் ஒன்றல்ல. நிறை எங்கே போனாலும் மாறாது, எடை என்பது பூமி இழுக்கும் விசை. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியில் நின்றால் அந்த இழுப்பு கடலோரத்தைவிடக் குறையத்தான் செய்யும், ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே, எனவே கணக்கில் 9.8 என்றே போடலாம்.

மூன்றாவது கேள்வி, எனக்கு ரொம்பப் பிடித்தது. செயலும் எதிர்ச்செயலும் சமம், எதிரெதிர் திசை, அப்படியானால் இரண்டும் கழிந்துபோய் எதுவுமே நகரக் கூடாதே! கழிய வேண்டுமானால் இரண்டும் ஒரே பொருளின் மேல் இருக்க வேண்டும், ஆனால் அவை ஒருபோதும் ஒரே பொருளின் மேல் இருப்பதில்லை. நான் சுவரைத் தள்ளுகிறேன், சுவர் என்னைத் தள்ளுகிறது. முதல் விசை சுவரின் பட்டியலில், இரண்டாவது என் பட்டியலில். ஒரு பொருளுக்கு ஒரு பட்டியல் என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டால் இந்தக் குழப்பம் வரவே வராது.

மலை ரயிலுக்கு வருவோம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் 20 கி.மீ. தூரத்துக்குள் கிட்டத்தட்ட 1,300 மீட்டர் உயரம் ஏற வேண்டும், செங்குத்தான இடத்தில் சரிவு 12-க்கு 1. வழுவழுப்பான இரும்புச் சக்கரம், வழுவழுப்பான இரும்புத் தண்டவாளம், அதன் மேல் பனியும் மழையும், பிடிப்பு போதவே போதாது, சக்கரம் சுற்றும், ரயில் நகராது. அதற்காகத்தான் நடுவில் பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள், இன்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதில் பொருந்திச் சுற்றும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. இரண்டு பட்டைகளின் பற்களும் நேருக்கு நேராக இல்லாமல் மாறி மாறி இருக்கும், அதனால் ஒரு பல் விலகும்போது இன்னொன்று பிடித்திருக்கும். குன்னூர் வரை 1899-இல் ஓடத் தொடங்கியது, 1908-இல் ஊட்டியை எட்டியது, இன்றும் அதே முறைதான்.

இப்போது சொல்லுங்கள், ரயிலை மேலே தள்ளுவது யார்? இன்ஜின் என்று எல்லோரும் சொல்வார்கள். பொருள் முழு ரயில் என்று எடுத்தால் இன்ஜினும் அதற்குள்ளேதான் இருக்கிறது, தன்னைத் தானே யாரும் தள்ளிக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து தொடுவது தண்டவாளமும் பல் பட்டையும்தான். இன்ஜினின் பல், பட்டையைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. பட்டை அதே அளவு விசையில் இன்ஜினின் பல்லை மேல்நோக்கித் தள்ளுகிறது. முதல் விசை பட்டையின் மேல், பட்டை மலையோடு ஆணியடித்ததுபோல் பதிந்திருக்கிறது, அது நகரவில்லை. இரண்டாவது விசை ரயிலின் மேல், அது ரயிலை ஏற்றுகிறது. அந்தச் செங்குத்தான சரிவில் ரயிலின் ஒவ்வொரு டன்னுக்கும் சுமார் 800 நியூட்டன், அத்தனையும் அந்தச் சில பற்கள் வழியாக. இன்ஜின் எரிக்கும் எரிபொருள் பல்சக்கரத்தைச் சுற்ற வைக்கிறது, அது இல்லாமல் எதுவும் நடக்காது, ஆனால் ரயிலைத் தொட்டுத் தள்ளுவது மலைதான். அடுத்த முறை குன்னூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், இன்ஜின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லாறு–குன்னூர் ஏற்றத்தில் அது பெட்டிகளுக்குப் பின்னால், பள்ளத்துப் பக்கம் இருந்து தள்ளும், முன்னால் இருந்து இழுக்காது. இழுத்தால் நடுவில் இணைப்பு அறுந்தபோது பெட்டிகள் கீழே ஓடும், தள்ளினால் இன்ஜினே தடுப்பாக இருக்கும்.

நடப்பதும் இதே கதை. பாசி பிடித்த படிக்கட்டில் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும், கால் வழுக்குவது காலில் பலம் இல்லாததால் அல்ல. கால் படியைப் பின்னால் தள்ள, படி காலை முன்னால் தள்ள வேண்டும், பாசி இரண்டையும் நடக்க விடாது. சேற்றில் மாட்டின ஜீப்பின் டயர் சும்மா சுற்றுவதும் அதனால்தான். டயருக்கு அடியில் கல்லோ சாக்கோ போட்டால் தரை மறுபடி தள்ள ஆரம்பிக்கும். கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு அணியும் கயிற்றின் இரு முனையிலும் கிட்டத்தட்ட ஒரே விசையில்தான் இழுக்கப்படுகின்றன, இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஜெயிப்பது காலால் தரையிடமிருந்து அதிக விசை வாங்குகிற அணி.

ஆசிரியர்களே சில சமயம் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது, தேர்விலும் கேட்பார்கள். தோட்டத்தில் பறித்த இலையை 25 கிலோ மூட்டையாகத் தலையில் வைத்து ஒரு அக்கா எடைபோடும் இடத்தில் காத்து நிற்கிறார். பூமி மூட்டையைக் கீழே இழுப்பது 245 நியூட்டன், தலை மூட்டையை மேலே தாங்குவது 245 நியூட்டன். சமம், எதிரெதிர். இது செயலும் எதிர்ச்செயலுமா? இல்லை! இரண்டுமே மூட்டையின் மேல்தான் இருக்கின்றன, ஒரே பட்டியலில். அவை சமமாக இருப்பது மூட்டை அசையாமல் நிற்பதால், அதாவது முதல் விதியால். அவர் விருட்டென்று நிமிர்ந்தால் அந்த ஒரு கணம் தலை கொடுக்கும் விசை 245-ஐத் தாண்டும், கழுத்தில் சுருக்கென்று பிடிப்பதும் அப்போதுதான். உண்மையான ஜோடி வேறு: தலை மூட்டையைத் தாங்க, மூட்டை தலையை அழுத்துகிறது. பூமி மூட்டையை இழுக்க, மூட்டையும் பூமியை 245 நியூட்டன் விசையில் மேல்நோக்கி இழுக்கிறது. பூமியின் நிறைக்கு அந்த விசை ஒரு பொருட்டே இல்லாததால் நமக்குத் தெரிவதில்லை. ஜோடியைக் கண்டுபிடிக்க வழி சுலபம், "அ ஆ-வைத் தள்ளுகிறது" என்று எழுதிவிட்டு பெயர்களை மட்டும் இடம் மாற்றினால் ஜோடி கிடைத்துவிடும்.

கடைசியாக ஒரு கணக்கு தருகிறேன், பட்டியலோடு செய்யச் சொல்லுங்கள். சமதளத்தில் 1,000 கிலோ ஜீப் நிற்கிறது. இரண்டு பேர் ஆளுக்கு 250 நியூட்டன் தள்ளுகிறார்கள், உராய்வு 300. முடுக்கம் 0.2 வர வேண்டும், 5 வினாடியில் வேகம் வினாடிக்கு 1 மீட்டர். 0.5 என்று எழுதினால் உராய்வைக் கழிக்க மறந்திருக்கிறாள். இப்போது ஒருவர் களைத்துப்போய்க் கையை எடுத்துவிடுகிறார், மற்றவர் விடாமல் தள்ளுகிறார். ஜீப் உடனே நின்றுவிடும் என்று சொன்னால் முதல் விதிக்குத் திரும்பிப் போங்கள்; மிச்சம் 50 நியூட்டன் பின்னோக்கி, நிற்க 20 வினாடி ஆகும். களைத்தவர் ஏறி உள்ளே உட்கார்ந்துகொண்டு டாஷ்போர்டைத் தள்ளினால் உதவுமா என்றும் கேளுங்கள். கை டாஷ்போர்டை முன்னால் தள்ளும், அதே அளவுக்கு முதுகு சீட்டைப் பின்னால் தள்ளும், இரண்டுமே ஜீப்பின் பட்டியலில் வரும், கூட்டினால் பூஜ்யம், ஆனால் அவருடைய 60 கிலோ மட்டும் ஜீப்பின் நிறையில் சேர்ந்துவிடும்.